நம்ம கடலோரத்தில் இருந்து என்ஜினியரிங், சயின்ஸ் பக்கம் போனவர்கள் எதைப் பார்த்துப் போனீர்கள்?

தங்கச்சிமடத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். நான் விசைப்படகில் டிரைவர், படிப்பு எட்டாவதோடு சரி. மகள் இந்த வருஷம் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்று வீட்டில் இழுபறி. அவள் அம்மா ஒன்று சொல்கிறாள், என் மச்சான் ஒன்று சொல்கிறான், பக்கத்து வீட்டு டீச்சர் வேறொன்று சொல்கிறார், ஆனால் யார் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் "கலாம் ஐயா பொறந்த மண்ணு இது, நீயும் அந்த மாதிரி வரணும்" என்றுதான் முடிக்கிறார்கள். கேட்டுக் கேட்டு அவளுக்குப் புளித்துப்போய்விட்டது.

நேற்று என்னிடம் நேராகவே கேட்டாள், "இந்தப் பக்கத்துல இருந்து என்ஜினியர் ஆனவங்க, ஆராய்ச்சிக்குப் போனவங்க எத்தனையோ பேர் இருப்பாங்கள்லப்பா, அவங்க எல்லாருமே கலாமைப் பார்த்துத்தான் போனாங்களா?" என்று. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன். உண்மையைச் சொல்லுங்கள், மேடைப் பேச்சு வேண்டாம்.

அவள் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்தால் உங்களுக்குச் சொல்ல வசதியாக இருக்கும். மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி வேலை பார்க்கும்போது கூடவே வந்து உட்கார்ந்துகொள்வாள். எஞ்சினைப் பிரித்தால் கிட்டே வந்து பார்ப்பாள். பாம்பன் ரயில் பாலத்துப் பக்கமாகப் போகும்போது, "பழைய பாலம் ரெண்டாப் பிரிஞ்சு தொறந்துச்சே, புதுசு ஏன் அப்படியே நேரா மேல போகுது?" என்று கேட்டாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

துருவேறியவன்:

அண்ணே, உங்கள் மகள் கேட்ட கேள்வியில் இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அந்தப் பாலத்தைப் பார்த்துத்தான் நான் இந்தப் பக்கம் வந்தேன்.

1914-ல் திறந்த பழைய பாலத்தில் நடுவில் இருந்தது ஷெர்சர் வகைத் தூக்கு. இரண்டு இலைகள். ஒவ்வொன்றின் அடிப்பாகமும் வளைவாக இருக்கும், அந்த வளைவு அப்படியே உருண்டு பின்னால் சாயும்போது முனை மேலே எழும். பின்பக்கம் எதிர் எடை இருப்பதால்தான் ஆட்கள் நின்று கையால் சுற்றியே அதைத் திறக்க முடிந்தது. ஆனால் இரண்டு இலையும் நடுவில் வந்து சேருகிற இடம் ஒரு மூட்டு, ரயில் அதன் மேல்தான் போக வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில் அந்தப் பகுதி 72.5 மீட்டருக்கு ஒரே துண்டு, நடுவில் மூட்டே கிடையாது. இரண்டு பக்கமும் கோபுரம், அதில் கப்பிகள், கப்பியின் மேல் வடம், வடத்தின் மறுமுனையில் எதிர் எடை. கிணற்று ராட்டினத்தில் ஒரு பக்கம் குடமும் மறுபக்கம் அதே கனத்துக்கு ஒரு கல்லும் கட்டினால் ஒரு விரலால் இழுத்தாலே குடம் மேலே வரும் இல்லையா, அதுதான் அங்கேயும் நடக்கிறது. மோட்டார் பாலத்தின் மொத்த எடையையும் தூக்குவதில்லை, மிச்சமிருக்கும் கொஞ்ச வித்தியாசத்தையும் உராய்வையும் காற்றையும் சமாளித்தால் போதும். 17 மீட்டர் வரை மேலே போகும். மகளிடம் இதைச் சொல்லுங்கள், அடுத்த கேள்வி கட்டாயம் வரும்.

இனி என் கதை. அப்பாவும் விசைப்படகுதான். வருஷா வருஷம் படகு கரையேறும்போது புரொப்பல்லருக்குப் பக்கத்தில் ஒரு துத்தநாகக் கட்டியை மாட்டுவார், 'ஜிங்க்' என்போம். அடுத்த வருஷம் பார்த்தால் அது பாதி கரைந்து, அங்கங்கே குழி விழுந்து, கையில் எடுத்தாலே உதிரும். எனக்கோ காசு போட்டு வாங்கி ஏன் கடலுக்குத் தின்னக் கொடுக்கிறார் என்று எரிச்சலாக இருக்கும். கேட்டால், "இதத் தின்னாத்தான்டா அதைத் தின்னாம விடும்" என்பார். அதற்கு மேல் அவருக்கு விளக்கத் தெரியாது, ஆனால் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் எது எலக்ட்ரானை எளிதில் விடுகிறதோ அதுதான் முதலில் அரிக்கும். துத்தநாகம் முந்திக்கொண்டு கரைகிறது, ஷாஃப்ட்டும் புரொப்பல்லரும் தப்பிக்கின்றன. பாலிடெக்னிக்கில் கெமிஸ்ட்ரி சார் இதைப் போர்டில் எழுதியபோது வகுப்பில் எல்லோரும் தூக்கத்தில் இருந்தார்கள், எனக்கு மட்டும் மயிர்க்கூச்செறிந்தது. அப்பா ஒரு வரியில் சொன்னதைத்தானே இவர் ஒரு பக்கத்துக்கு எழுதுகிறார்!

டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில், அதாவது நேராக இரண்டாம் வருஷத்தில், பி.இ. சேர்ந்தேன், இப்போது துறைமுகம், படகு அணையும் ஜெட்டி மாதிரிக் கட்டுமானங்களில் அரிப்புத் தடுப்பு வேலை. நம் ஊரில் பிறந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இருக்க முடியாது. ஜன்னல் கம்பியில் இருந்து சைக்கிள் செயின் வரை எல்லாமே பாடம்தான். ஜெட்டித் தூணைப் பாருங்கள், எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் பகுதி ஓரளவு தாங்கும், அலை அடித்து நனைந்து காய்ந்து நனைகிற அந்த நடுப்பகுதிதான் முதலில் போகும், ஏனென்றால் அங்கேதான் உப்பும் தண்ணீரும் ஆக்ஸிஜனும் ஒன்றாகக் கிடைக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் புயலில் பாலம் அடித்துக்கொண்டு போனபோது ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினியர் 46 நாளில் அதை மறுபடி நிறுத்தினார், பின்னாளில் கொங்கன் ரயிலையும் டெல்லி மெட்ரோவையும் கட்டியவர் அவர்தான். அந்தக் கதையை என் தாத்தா பாட்டி எல்லாம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெருமையாக இருக்கும், அவ்வளவுதான். அதனால் நான் என்ஜினியர் ஆனேன் என்று சொன்னால் பொய். எனக்கு அந்த ஜிங்க் கட்டிதான்.

தொண்டிப் பையன்:

அண்ணன் அழகாகச் சொல்லிவிட்டார், ஆனால் எல்லோருக்கும் இப்படி ஒரு கட்டி கிடைக்காது என்பதையும் யாராவது சொல்லணும். எனக்கு ஆர்வம், உந்துதல், கனவு ஒன்றும் இல்லை. கடலுக்குப் போகக் கூடாது என்பது மட்டும்தான் இருந்தது. சித்தப்பாவை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய் ஒரு மாசத்துக்கு மேல் சிறையில் வைத்திருந்தார்கள், அந்த நாட்களில் எங்கள் வீடு இருந்த நிலையைப் பார்த்தவன் நான். அம்மா "எதை வேணும்னாலும் படி, தண்ணிப் பக்கம் மட்டும் போகாத" என்றார்.

ஆறில் இருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. 2021-ல் தொழிற்படிப்புகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது, கவுன்சிலிங்கில் சீட் கிடைத்தது, படிப்புக் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் அரசாங்கமே கட்டியது. அது இல்லாவிட்டால் எந்த மேதையின் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தாலும் நான் காலேஜ் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டேன். அதனால் "எது உங்களைத் தூண்டியது" என்று கேட்டால் என் பதில் ஒரு அரசாணை. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். சம்பளத்துக்காகப் படித்தேன் என்று சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

ஆனால் ஒன்று. ஆர்வம் முன்னால் வராவிட்டாலும் பின்னால் வரும். ஈ.சி.இ. மூன்றாம் வருஷம், சிக்னல் பிராசஸிங் வகுப்பு. எதிரொலியை வைத்துத் தூரம் கண்டுபிடிக்கும் கணக்கு. கடல் தண்ணீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். நம் வடகடலில் ஒரு இடத்தில் 9 மீட்டர் ஆழம் என்றால் சத்தம் கீழே போய்த் திரும்ப 18 மீட்டர், அதற்கு 12 மில்லி செகண்டு. சித்தப்பா படகில் இருக்கும் எக்கோ சவுண்டர் விடாமல் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தது, நான் சின்ன வயதில் அதில் கலர் மாறுவதை டி.வி. மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்! அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து ஜி.பி.எஸ். எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்தேன். இடத்தைச் சொல்ல மூன்று செயற்கைக்கோள் போதும் என்றுதான் நினைத்திருந்தேன், நாலாவது ஒன்று வேண்டும், ஏனென்றால் படகில் இருக்கும் கருவியின் கடிகாரத்தை நம்ப முடியாது, அந்தப் பிழையையும் சேர்த்துத்தான் கண்டுபிடிக்கணும். கடிகாரம் ஒரு மைக்ரோ செகண்டு தப்பினால் தூரத்தில் 300 மீட்டர் தப்பும். எல்லையைத் தாண்டினோமா இல்லையா என்று சண்டை நடக்கிற கடலில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் ஊர்க்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது சென்னையில் எம்பெடட் வேலை, அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர்களோடு வேலை. வேலையை ரசித்துத்தான் செய்கிறேன். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையிடம் போய் "உனக்கு எதுல ஆர்வம்" என்று நச்சரிக்காதீர்கள். ஆர்வம் இல்லையென்றால் தகுதியே இல்லை என்று அது நினைத்துக்கொள்ளும்.

பாசிக்காரி மகள்:

தம்பி சொல்வது சரி, ஆனால் அண்ணனின் மகளுக்கு அந்தப் பிரச்சினை இருப்பதாகத் தெரியவில்லை, அவள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். இங்கே பதில் எழுதியது இரண்டும் ஆண்கள், இரண்டும் என்ஜினியரிங். ஆராய்ச்சிப் பக்கத்தில் இருந்து நான் சொல்கிறேன்.

எங்கள் அம்மா பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர். விரல் நுனியில் எல்லாம் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கிப் பாறையில் இருந்து பிய்த்து எடுப்பார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை, பக்கோடாப்பாசி என்று எனக்கு நடக்கத் தெரிந்த வயதிலேயே பெயர் தெரியும். அதெல்லாம் ஒரு அறிவு என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. வியாபாரி வந்து காய்ந்த பாசியை எடை போட்டு எடுத்துக்கொண்டு போவார், எங்கே போகிறது, என்ன ஆகிறது, ஒன்றும் தெரியாது.

பி.எஸ்சி.யில் மைக்ரோபயாலஜி லேப். தட்டில் பாக்டீரியா வளர்க்க அகார் காய்ச்சச் சொன்னார்கள். டப்பாவைத் திறந்தால் வெள்ளைப் பொடி. மேடம் போகிறபோக்கில், "இது கடல்பாசியில இருந்து எடுக்கிறது, ராமநாதபுரம் பக்கம் கிடைக்கிற ஜெலிடியெல்லாவில இருந்துகூட வரும்" என்றார். ஜெலிடியெல்லா என்றால் என்ன என்று நோட்டில் குறித்துக்கொண்டு போய்ப் படத்தைப் பார்த்தால், மரிக்கொழுந்து! எங்கள் வீட்டு முற்றத்தில் காய்வது. அன்றைக்கு அந்த டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன், பக்கத்தில் இருந்தவள் என்னடி ஆச்சு என்று கேட்டாள்.

அப்புறம்தான் தேடித் தேடிப் படித்தேன். 1881 வாக்கில் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் ஜெலட்டினில் கிருமி வளர்த்துப் பார்த்து, வெயில் காலத்தில் அது உருகி ஓடியிருக்கிறது. அங்கே வேலை பார்த்த ஒருவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தான் சமையலில் ஜெல்லி உறையப் போடும் அகாரைப் போட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அகார் ஒருதடவை உறைந்துவிட்டால் 85 டிகிரி வரை உருகாது. இன்றைக்கு உலகத்தில் எந்த ஆஸ்பத்திரி லேபுக்குப் போனாலும் அதுதான். கோக் எழுதியதில் அந்த அம்மாவின் பெயர் இல்லை. அடுப்படியில் இருந்த ஒருத்தி சொன்னது, கடலடியில் இருந்து எங்கள் அம்மா மாதிரி ஒருத்தி எடுப்பது, நடுவில் பெயர் மட்டும் வேறு யாருக்கோ. எனக்கு வந்த கோபம்தான் என்னை எம்.எஸ்சி., பிஎச்.டி. வரை தள்ளியது என்று நினைக்கிறேன். கோபமும் ஒரு தூண்டுதல்தானே.

இப்போது கடல்பாசியிலேயே ஆராய்ச்சி. மண்டபத்தில் இருந்துகொண்டே செய்ய எவ்வளவோ இருக்கிறது. மூங்கில் தெப்பத்தில் கட்டி வளர்க்கிறார்களே, 45 நாளில் அறுவடை, அந்த கப்பாபைகஸ் வெளிநாட்டுப் பாசி. நூற்றுக்கணக்கான பெண்களுக்கு அதில் வருமானம், அதே சமயம் குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல் அது படர்ந்ததும் உண்மை. இரண்டில் எந்தப் பக்கம் நின்றாலும் திட்டு விழும். எனக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது.

கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. இது நீண்ட படிப்பு. தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000, அது 2023-ல் உயர்த்தியது. கிடைக்காவிட்டால் அதைவிட ரொம்பக் குறைவில் ஓட்ட வேண்டியிருக்கும். பணம் சில மாதம் சேர்ந்து தாமதமாகவும் வரும். கூடப் படித்தவள் ஐ.டி.யில் சேர்ந்து வீடு கட்டிவிட்டாள், நான் முப்பது நெருங்கியும் ஸ்காலர்ஷிப்தான். "இன்னும் படிச்சு முடிக்கலையா" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. அம்மா மட்டும் கேட்பதில்லை.

ஓய்வு வாத்தியார்:

நான் இந்த மாவட்டத்தில் அரசுப் பள்ளிகளில் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவன். கலாமை ஒரேயடியாக ஓரம்கட்டுகிறீர்களே என்று படித்ததும் கொஞ்சம் சுருக்கென்றது, பிறகு யோசித்தால் உங்கள் மேல் தப்பில்லை, நாங்கள் அவரைச் சொல்லித்தரும் முறையில்தான் கோளாறு. சுவரில் ராக்கெட் படம், கீழே "கனவு காணுங்கள்". அவர் வாழ்க்கையில் பிள்ளைகளுக்குப் பயன்படுகிற இடங்களை விட்டுவிடுகிறோம்.

ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை எப்படிப் பறக்கிறது என்று போர்டில் வரைந்து காட்டுகிறார். பையன்களுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று கலாமும் சொல்கிறார். ஆசிரியர் கோபப்படவில்லை, அன்றைக்குச் சாயங்காலமே அத்தனை பேரையும் ராமேஸ்வரம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், இறக்கை அடிப்பதையும் வாலை வளைத்துத் திரும்புவதையும் நேரில் காட்டினார். கலாமே பல இடங்களில் சொன்ன விஷயம் இது. சென்னை எம்.ஐ.டி.யில் என்ஜினியரிங் படிக்க இடம் கிடைத்தபோது சேர்வதற்கு ஆயிரம் ரூபாய் அளவுக்கு வேண்டியிருந்தது, அக்கா சொஹ்ரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். தொண்டித் தம்பி சொன்ன அரசாணையும் அந்த வளையலும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன. விமானப்படைத் தேர்வில் எட்டு இடத்துக்கு ஒன்பதாவதாக வந்து கழன்றார். அவர் தலைமையில் செய்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் முதல் தடவை, 1979 ஆகஸ்ட் 10-ல், கடலில்தான் விழுந்தது. மறு வருஷம் ஜூலை 18-ல்தான் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 'மாபெரும் விஞ்ஞானி' என்று ஆரம்பித்தால் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார்கள்.

சரி, குரூப் விஷயத்துக்கு வருகிறேன், அண்ணன் கேட்டது அதுதானே. கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் உள்ள முதல் குரூப்பில் போடுங்கள். தமிழ்நாட்டு என்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ கணக்கு மார்க் அப்படியே நூறுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். உயிரியலும் கையில் இருந்தால் மீன்வளப் பட்டப்படிப்பு, கடல் உயிரியல் எல்லாம் திறந்தே இருக்கும். கம்ப்யூட்டர் குரூப்பில் போட்டால் அந்தக் கதவுகள் பெரும்பாலும் மூடிவிடும். பாரம் கொஞ்சம் கூடத்தான், ஆனால் இவ்வளவு கேட்கிற பிள்ளை தாங்கும்.

தங்கச்சிமடத்தான்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மகளை உட்கார வைத்து எல்லாவற்றையும் வாசிக்கச் சொன்னேன். கிணற்று ராட்டினம் வரைக்கும் தலையாட்டினாள், அப்புறம், "காத்து பலமா அடிக்கும்போது தூக்குனா என்ன ஆகும்னு அந்த அண்ணன்கிட்ட கேளுங்க" என்கிறாள். பாசிக்காரி மகள் எழுதியதை அவள் அம்மாவும் வாசித்துவிட்டு, "பொம்பளப் புள்ள அவ்வளவு வருஷம் படிச்சா எப்படி" என்று ஆரம்பித்தாள், அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. குரூப் மட்டும் வாத்தியார் சொன்னபடி முடிவாகிவிட்டது. இந்த ஆராய்ச்சி நிலையங்களுக்குள் எங்களை மாதிரி ஆட்களை விடுவார்களா?

துருவேறியவன்:

காற்றின் வேகத்தை அளக்கும் கருவி பாலத்தில் இருக்கிறது, சிக்னலோடு இணைத்திருக்கிறார்கள், வேகம் எல்லை தாண்டினால் சிவப்பு விழுந்து ரயில் நின்றுவிடும். தூக்கும்போதும் காற்றைக் கணக்கில் எடுத்துத்தான் தூக்குவார்கள். மேலே போன பகுதி பக்கவாட்டில் ஆடாமல் கோபுரத்தில் இருக்கும் வழித்தடம் பிடித்துக்கொள்ளும். அது எப்படிப் பிடிக்கிறது என்று அவளையே படம் போடச் சொல்லுங்கள், சரியா தப்பா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1953-ல் இருந்து. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்தது. அரிப்பு பற்றித் தெரிய வேண்டுமென்றால் இந்த வட்டாரத்தில் அதற்கு மேல் இடம் இல்லை. அதை நடத்துவது சி.எஸ்.ஐ.ஆர். என்கிற மத்திய அரசு ஆராய்ச்சி அமைப்பு, செப்டம்பர் 26 அதன் நிறுவன நாள், அதை ஒட்டிப் பள்ளிப் பிள்ளைகளை உள்ளே விடுவது வழக்கம்.

பாசிக்காரி மகள்:

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். பள்ளியில் தலைமை ஆசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வகுப்போடு வந்தால் நல்லது, கடல்விரால் குஞ்சு பொரிக்கும் இடம் எல்லாம் காட்டச் சொல்லலாம். இந்த மீனை நம் நாட்டில் முதன்முதலாகப் பொரிக்க வைத்தது இங்கேதான், 2010-ல். அண்ணி வருவதாக இருந்தாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள் அண்ணே, எத்தனை வருஷம் படிப்பு, என்ன சம்பளம், கல்யாணம் எப்போது என்று அவர்கள் கேட்கிற எல்லாவற்றுக்கும் நான் நேரில் பதில் சொல்கிறேன். திங்கள், செவ்வாய் வேண்டாம், அந்த இரண்டு நாளும் நான் படகில் இருப்பேன்.